நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் கிளிப் மைக்: தூரத்தை நிலைநிறுத்துவதன் பலனும் விலையும்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இப்போதெல்லாம் கல்யாண மண்டபங்களில் மேளம் வாசிக்கும் இடத்தை உற்றுப் பார்த்தால், சில மேளச் செட்டுகளில் ஸ்டாண்டு மைக் இருப்பதில்லை. நாகஸ்வரத்தின் கீழ்நுனியில் விரியும் அணசின் விளிம்பிலிருந்து வளைந்து எழும் கறுப்புக் கம்பி ஒன்றும், அதன் முனையில் சுண்டுவிரல் நுனி அளவேயான மைக் ஒன்றும் தெரிகின்றன. தவிலின் வளையத்திலும் அதே போன்ற ஒன்று கவ்விப் பிடித்திருக்கிறது. நான்கு மாசி வீதிகளிலும் சுவாமி புறப்பாட்டின்போது கூட்டத்தின் இரைச்சலை மீறிக் கேட்பதற்கென்றே உருவான வாத்தியங்களுக்கு இதற்கு மேல் மைக் எதற்கு என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஓசை போதாமல் இந்த மைக் வரவில்லை.

மேளத்தின் ஓசை, வாசிப்பவருக்கு அருகில் தேவைக்கு அதிகமாகவும், தூண்களைத் தாண்டிய பின்வரிசையில் உருத்தெரியாத எதிரொலியாகவும், கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் இல்லாமலும் போகிறது. வீடியோ எடுப்பவர் தம் கேமராவுக்குத் தனியாக ஒரு ஒலி இணைப்புக் கேட்கிறார். அதே மேடையில் மாலையில் கீபோர்டு, பாட்டுக் கச்சேரி என்று மைக் வழியாக மட்டுமே கேட்கும் வாத்தியங்கள் வந்து அமர்கின்றன. ஆகவே, மைக்கிடம் கேட்கப்படுவது கூடுதல் ஓசை அன்று. எல்லா இடத்திலும் ஒரே அளவில், ஒன்றையொன்று விழுங்காமல் கேட்கும் ஓசை. அதை ஸ்டாண்டு மைக்கால் தர முடியாமல் போனதற்கான காரணம் தூரம்.

நாகஸ்வர வித்வான் ஆடாமல் அசையாமல் வாசிப்பதில்லை. பிருகா (அதிவேக ஸ்வரக்கோவை) உச்சத்துக்குப் போகும்போது வாத்தியம் மேலே எழுகிறது. சுருதிக்கு ஒத்து வாசிப்பவர் பக்கம் திரும்புகிறது. தவில்காரருக்குச் சைகை காட்ட ஒரு பக்கம் சாய்கிறது. அணசுக்கு 15 செ.மீ. தூரத்தில் ஸ்டாண்டு மைக் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாத்தியம் எழும்பி அந்தத் தூரம் 45 செ.மீ. ஆனால், மைக்குக்குக் கிடைக்கும் ஒலியழுத்தம் மூன்றில் ஒரு பங்காகிறது. அதாவது 9 டெசிபலுக்கு மேல் விழுகிறது. வித்வான் உணர்ச்சியோடு உச்சத்தைத் தொடும் இடத்தில் கேட்பவருக்கு ஒலி மங்குகிறது. அவர் தாழ்த்திக் குழைக்கும் இடத்தில் மைக் விழுங்கி உமிழ்கிறது. இதைச் சரிசெய்ய மிக்சரில் அமர்ந்திருப்பவர் ஒலியளவுக் கட்டையான ஃபேடரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால், வாசிப்பவர் ஒரு கணக்கிலும் அவர் வேறு கணக்கிலும் போக நேரும்.

கிளிப் மைக் வாத்தியத்தோடு சேர்ந்து நகர்வதால் தூரம் மாறுவதில்லை. அதோடு இன்னொரு லாபமும் உண்டு. தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும் என்பது திறந்த வெளிக்கான பொதுக் கணக்கு. மைக் தன் வாத்தியத்துக்கு 10 செ.மீ. தூரத்திலும், பக்கத்துத் தவிலுக்கு ஒரு மீட்டர் தூரத்திலும் இருந்தால், இரண்டும் சமமான ஓசை உடையவை என்றே கொண்டாலும், தவில் 20 டெசிபல் குறைவாகத்தான் அதில் ஏறும். மண்டபத்தின் எதிரொலி இந்தக் கணக்கைக் கொஞ்சம் கெடுக்கும் என்றாலும் அடிப்படை மாறாது. மைக் கத்தும் தொல்லையும் இதனாலேயே குறைகிறது: வாத்தியம் அருகில் இருப்பதால், மிக்சரில் ஒலியைப் பெருக்கும் அளவான கெயினைக் குறைத்து வைக்கலாம், கெயின் குறைந்தால் ஸ்பீக்கரின் ஒலி திரும்ப மைக்கில் புகுந்து சுழலும் வாய்ப்பும் குறையும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம் அந்தப் பாதுகாப்பில் 3 டெசிபல் கரைகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவிலின் இரு முகங்கள், மாப்பிள்ளை மேடையில் புரோகிதருக்கு ஒன்று என்று ஏழு மைக் திறந்திருக்கும் மண்டபத்தில் ஒவ்வொரு டெசிபலும் கணக்கில் வரும்.

இவ்வளவு சிறிய மைக்கில் நல்ல ஒலி வருவதற்கு அது கண்டென்சர் வகையாக இருப்பது காரணம். மேடைகளில் நாம் பழகிய டைனமிக் மைக்கில், ஒலி படும் சவ்வோடு ஒரு கம்பிச்சுருள் ஒட்டியிருக்கும். அது காந்தத்துக்குள் ஆடி மின்சாரம் தரும். சுருளின் எடையையும் சவ்வு சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால், தவில்காரர் விரலில் மாட்டும் விரல்கூடு தோலில் படும் கணத்தின் கூர்மை ஓரளவு மழுங்கும். காந்தத்தால் உடலும் கனக்கும். கண்டென்சரில் சுருள் இல்லை. மிக மெல்லிய சவ்வும், அதற்குப் பின்னால் மயிரிழை இடைவெளியில் ஒரு தகடும் மட்டுமே உண்டு. சவ்வு அசையும்போது இடைவெளி மாறுகிறது, அதனால் இரண்டுக்கும் இடையிலான மின்தேக்கமும் மாறுகிறது. அந்த மாற்றமே ஒலியின் மின்வடிவம். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் எட்வர்டு வென்டி இதை 1916-ல் உருவாக்கினார். ஆனால் சவ்வில் மின்னூட்டத்தை நிலையாக வைத்திருக்க வெளியிலிருந்து உயர்ந்த மின்னழுத்தம் தேவைப்பட்டதால், வெகுகாலம் அது ஸ்டூடியோவுக்குள்ளேயே இருந்தது. 1962-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்டு செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் மின்னூட்டத்தை நிரந்தரமாகத் தேக்கி வைக்கும் எலெக்ட்ரெட் படலத்தைப் பயன்படுத்திக் காட்டினார்கள். கைப்பேசியிலும் கிளிப் மைக்கிலும் மைக் இவ்வளவு சிறுத்ததற்கு அந்தக் கண்டுபிடிப்பு வழி திறந்தது.

எலெக்ட்ரெட் ஆனாலும் மின்சாரம் வேண்டாம் என்று ஆகிவிடாது. சவ்வுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறு டிரான்சிஸ்டர் சுற்றுக்கு மின்சாரம் வேண்டும். அதை மைக் ஒயரின் வழியாகவே மிக்சரிலிருந்து அனுப்புவதுதான் ஃபேண்டம் பவர். அதன் 48 வோல்ட் என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு: 1966-ல் நார்வே வானொலிக்காக ஜெர்மனியின் நாய்மான் நிறுவனம் மைக் செய்துகொடுத்தபோது, அங்கே ஸ்டூடியோக்களின் அவசர விளக்குகளுக்கு 48 வோல்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, அதையே எடுத்துக்கொண்டார்கள். இன்று உசிலம்பட்டியில் திறக்கப்படும் மிக்சரிலும் அதே எண்தான்.

நம் ஊரில் பாதி மனஸ்தாபம் இந்த 48 வோல்ட்டில்தான் தொடங்குகிறது. வித்வான் தன் கிளிப் மைக்கைக் கொண்டுவந்து கொடுக்கிறார், மைக் செட்காரர் அதைப் பழைய ஆம்ப்ளிஃபையரின் வாயில் நேரடியாகச் செருகுகிறார், சத்தம் வருவதில்லை, "மைக் ரிப்பேர், அண்ணே" என்று தீர்ப்பாகிறது. மைக்கில் பழுதில்லை. அந்த வகை ஆம்ப்ளிஃபையர்கள் பல டைனமிக் மைக்குக்கென்றே அமைந்தவை, ஃபேண்டம் பவர் தருவதில்லை. சிறு மிக்சர் ஒன்றை நடுவில் வைத்தால் வேலை முடிந்தது. சிறு மிக்சர்களில் 48 வோல்ட்டுக்கு எல்லாச் சானலுக்கும் சேர்த்து ஒரே பொத்தான்தான் இருக்கும் என்பதால், ஃபேடரை இறக்கி, ஒயரைச் செருகிய பிறகே அதைப் போட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் எழும் அந்த 'டொப்' என்ற சத்தம் ஸ்பீக்கரின் கோனையும் பதம் பார்க்கும், முன்வரிசையில் தூங்கும் குழந்தையையும் எழுப்பும்.

இனி முக்கியமான இடத்துக்கு வரலாம்: நாகஸ்வரத்தில் மைக்கை எங்கே வைப்பது? அணசுதான் ஒலி வரும் வாய், ஆகவே அணசுக்குள் மைக்கை நீட்டிவிடலாம் என்பது பொதுவான எண்ணம். சாக்ஸபோன் படம் போட்ட பெட்டியிலும் அப்படித்தான் காட்டியிருக்கும். ஆனால் வாயில் வைத்து ஊதும் சீவாளியில் பிறக்கும் அதிர்வு, கூம்பான மரக்குழலாகிய உலவுக்குள் இறங்கும்போது, திறந்திருக்கும் முதல் ஒன்றிரண்டு துளைகளிலேயே பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. துளைகள் அத்தனையும் மூடிய கீழ் ஸ்வரங்களில்தான் அணசு முழு வாயாக வேலை செய்கிறது. மேல் ஸ்வரங்களில் அடிநாதம் துளைகளின் வழியே போய்விட, உயர்ந்த அதிர்வுகள் மட்டும் திறந்த துளைகளையும் கடந்து அணசு வரை வருகின்றன. ஆகவே அணசின் நேர்வாயில் நிற்கும் மைக், கீழ்ஸ்தாயியைத் தடித்தும் மேல்ஸ்தாயியைக் கீச்சென்றும் கேட்கும். ஒரே ராக ஆலாபனை இரண்டு வேறு வாத்தியங்களில் வாசித்தது போல் ஸ்பீக்கரில் ஒலிப்பதற்கு இதுவே காரணம். வித்வானின் கையும் மூச்சும் அல்ல.

மைக்கை அணசிலிருந்து வெளியே இழுத்து, கம்பியைப் பின்னோக்கி வளைத்து, உலவுக்குப் பக்கவாட்டில் கீழ்த் துளைகளை நோக்கி ஓர் உள்ளங்கை தூரத்தில் நிறுத்தினால், துளைகளின் ஒலியும் அணசின் ஒலியும் ஓரளவு கலந்து கிடைக்கும். விரல்கள் அதில் படக்கூடாது. சீவாளிக்கு மேலே போனால் மூச்சுச் சத்தம் முன்னே வரும். இந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒருவர் ஷட்ஜத்திலிருந்து மேல்ஷட்ஜம் வரை ஒரே ஊதலில் மெதுவாக ஏறி இறங்க, இன்னொருவர் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே கம்பியை அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்த்துவது. ஒரு ஸ்வரம் மட்டும் துருத்தாமல் எல்லாம் சம அளவில் வரும் இடம் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் வேறு. நீண்ட பாரி நாயனத்துக்குச் சரியான வளைவு, குட்டையான திமிரிக்குச் சரிவராது. பல பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய மைக்கைத் தவறான இடத்தில் மாட்டுவதைவிட, நடுத்தர விலையில் வாங்கியதைச் சரியான இடத்தில் மாட்டுவது நல்ல பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

மாட்டுவதும் எளிதல்ல. ஷூர் பீட்டா 98 வகையோ, ஆடியோ டெக்னிகாவின் ஏடிஎம்350-யோ, டென்மார்க்கின் டிபிஏ 4099-யோ, இவற்றின் கவ்விகள் சாக்ஸபோன், டிரம்பெட் போன்றவற்றின் மெல்லிய பித்தளை விளிம்பையும், டிரம்மின் இரும்பு வளையத்தையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. மரத்தில் கடைந்த அணசின் தடித்த விளிம்பை அவற்றால் கவ்வ முடிவதில்லை. கவ்வினாலும் வார்னிஷில் தடம் விழுகிறது. ஆகவே கவ்விக்கு அடியில் சைக்கிள் டியூபின் துண்டு ஒன்றை வைப்பது, வெல்க்ரோ பட்டையால் உலவின் கீழ்ப்பகுதியோடு சேர்த்துக் கட்டுவது என்று மேளக்காரர்களே வழி கண்டிருக்கிறார்கள். ரப்பர் துண்டால் இன்னொரு நன்மையும் உண்டு: மரத்தின் வழியே ஏறும் விரல் தட்டும் ஒலியை அது உறிஞ்சிக்கொள்கிறது. எடை சில பத்து கிராம்தான் என்றாலும், நீண்ட வாத்தியத்தின் கடைசி நுனியில் அது தொங்குவதால் மணிக்கணக்காகத் தூக்கி வாசிப்பவரின் மணிக்கட்டுக்குத் தெரியும். கவ்வியை உலவின் பக்கம் சற்று மேலே ஏற்றிக் கட்டச் சிலர் விரும்புவது அதனால்தான்.

இந்த மைக்குகள் பெரும்பாலும் கார்டியாய்ட் வகை, அதாவது முன்பக்கம் நன்றாகவும் பின்பக்கம் மிகக் குறைவாகவும் கேட்பவை. அணசிலிருந்து உலவை நோக்கித் திரும்பி நிற்கும் மைக்கின் முகம் வாசிப்பவரைப் பார்க்கிறது, முதுகு கூட்டத்தைப் பார்க்கிறது. எனவே மண்டபத்தின் முன்பக்கத்து ஸ்பீக்கர்களால் தொல்லை குறைவு. தொல்லை வருவது, வாசிப்பவர் தம் ஒலியைக் கேட்பதற்காக வித்வானின் முதுகுப்புறம் வைக்கப்பட்ட மானிட்டர் ஸ்பீக்கரிலிருந்தும், மூலையில் மேளத்தை உட்கார வைக்கும்போது பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியிலிருந்தும். மானிட்டரை முன்னால், தரையில், வித்வானைப் பார்க்க வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பக்கத்தில் சுழலும் ஸ்டாண்டு ஃபேன் காற்று நேராக மைக்கில் அடித்து எழுப்பும் 'புறபுற' சத்தத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியோடு வரும் நுரைத்தொப்பியைக் கழற்றி எறியக்கூடாது.

ஒலியின் குணத்தைப் பொறுத்தவரை, நாகஸ்வரத்துக்கு அடிஒலி தேவையில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வழியாகப் பரவிய பாரி நாயனத்தில், இரண்டு கட்டைச் சுருதியில் மத்திய ஷட்ஜமே ஏறத்தாழ 294 ஹெர்ட்ஸ். மந்திர பஞ்சமம் 220 ஹெர்ட்ஸ். ஆகவே 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மிக்சரில் வெட்டிவிட்டாலும் வாத்தியம் எதையும் இழக்காது. தவிலின் அதிர்வும் மேடைப் பலகையின் தடதடப்பும் மட்டுமே போகும். மேற்பகுதியில்தான் எச்சரிக்கை வேண்டும். இரட்டைச் சீவாளி வாத்தியத்தின் வலிமையே 1,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகளில் இருக்கிறது. மனிதக் காது கூர்மையாகக் கேட்பதும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. கண்டென்சர் மைக்குகள் பல அதற்குச் சற்று மேலே ஒலியைத் தூக்கியே தருகின்றன. குழாய் ஸ்பீக்கரும் இதே பகுதியில்தான் வேகம் எடுக்கும். நான்கும் ஒன்று சேர்ந்தால் காது கூசும். குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஊர்த் திருவிழாவுக்குக் கண்டென்சர் மைக் வாங்குவது வீண் செலவு; அங்கே சாதாரண டைனமிக் மைக்கின் மந்தமே ஒரு நன்மை.

தவிலுக்கு வருவோம். இங்கே முதல் கேள்வி, மைக் எவ்வளவு ஓசையைத் தாங்கும் என்பது. நல்ல கிளிப் மைக்குகள் பலவற்றில் 140 முதல் 160 டெசிபல் வரை தாங்கும் என்று போட்டிருக்கும். மலிவான லேப்பல் மைக்கை, பேச்சுக்காகச் செய்ததை, தவிலில் கட்டினால், விரல்களால் வாசிக்கும் முகமான வலந்தலையின் ஒவ்வொரு அடியும் பிளந்து கேட்கும். மிக்சரில் கெயினைக் குறைத்தாலும் அது சரியாகாது, ஏனென்றால் சிதைவது மைக்குக்குள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் சுற்றில். மிக்சருக்கு வரும்போதே ஒலி கெட்டுப்போய்த்தான் வருகிறது.

வலந்தலையில் விரல்கூடுகள் எழுப்பும் சொற்கட்டுகள் தெளிவாக வேண்டுமானால் கண்டென்சர் அவசியம். மைக்கை வளையத்தின் விளிம்புக்கு மேலே மூன்று நான்கு விரற்கடை உயரத்தில், தோலின் ஓரத்துக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட இடத்தைப் பார்க்க வைப்பது வழக்கம். நடுவைப் பார்த்தால் சத்தம் தட்டையாகவும், ஓரத்தைப் பார்த்தால் உலோகத்தன்மையாகவும் வரும். தொப்பிப் பக்கம் கம்பால் அடிப்பது. அதற்குக் கண்டென்சர் வேண்டியதில்லை என்பேன்: 1965 முதல் விற்பனையில் இருக்கும் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக் ஒன்றைக் குட்டை ஸ்டாண்டில் வைத்தால் போதும். தவில் உட்கார்ந்து வாசிக்கும் இடத்தில் அதிகம் நகர்வதில்லை, கம்பு தவறி மைக்கில் விழுந்தாலும் அது தாங்கும்.

இரண்டு பக்கமும் மைக் வைப்பவர்கள் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. தொப்பியில் கம்பு விழும்போது அந்தத் தோல் உள்ளே போகிறது. உள்ளிருக்கும் காற்று மறுபக்கத்தைத் தள்ள, வலந்தலைத் தோல் வெளியே வருகிறது. ஒரு மைக்குக்கு இழுப்பாகத் தெரிவது இன்னொரு மைக்குக்குத் தள்ளலாகத் தெரிகிறது. இரண்டையும் மிக்சரில் அப்படியே சேர்த்தால் தாழ்ந்த அதிர்வுகள் ஒன்றையொன்று தின்றுவிடும்; இரண்டு மைக் வைத்த தவில், ஒரு மைக் வைத்ததைவிட வற்றலாகக் கேட்கும். ஒரு சானலில் ஃபேஸ் மாற்றும் (இழுப்பைத் தள்ளலாகத் திருப்பும்) பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். எந்த நிலையில் தொப்பியின் கும்காரம் நிறைகிறதோ அதுவே சரி. சிறு மிக்சரில் அந்தப் பொத்தான் இல்லையென்றால், ஒரு ஒயரின் முனையில் இரண்டாவது, மூன்றாவது பின்னுக்குப் போகும் கம்பிகளை மாற்றிப் பற்றவைத்து, அந்த ஒயருக்குச் சிவப்பு டேப் சுற்றி வைத்துக்கொள்ளலாம்.

கெயின் வைக்கும் நேரமும் முக்கியம். காலையில் ஐயர் வருவதற்கு முன் மெதுவாக வாசித்துப் பார்த்து அளவு வைத்துவிட்டுப் போனால், தாலி கட்டும் நேரத்தில் எல்லாச் சானலிலும் சிவப்பு விளக்கு எரியும். கெட்டிமேளத்தில் வாசிக்கும் வேகமும் பலமும் வேறு. "ஒருக்கா கெட்டிமேளம் அடிச்சுக் காட்டுங்கண்ணே" என்று கேட்டு, அதற்கு இடம் விட்டு அளவு வைத்துவிட்டு, ஆலாபனைக்கு ஃபேடரை உயர்த்திக்கொள்வதே முறை.

ஊர்ப்பொங்கல்களில் கரகாட்டத்தோடு வரும் நையாண்டி மேளத்தில் நிலைமை தலைகீழ். அங்கே தவிலும் பம்பையும் மைக் இல்லாமலே திடலை நிறைக்கும். உறுமி சேரும் செட்டுகளில், வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த முனகல் மட்டும் மற்றவற்றின் அடியில் புதைந்துபோகும். செட்டிடம் ஒரே ஒரு கண்டென்சர் கிளிப் மைக்குக்குத்தான் காசு இருக்கிறது என்றால், அதை உறுமியின் தேய்க்கும் முகத்தில்தான் மாட்ட வேண்டும். வழக்கமாகவோ அது முதல் நாகஸ்வரத்துக்குப் போகிறது. தப்பு என்னும் பறைக்கு மாட்டுவது வீண்வேலை. ஆட்டத்தில் குச்சி மைக்கைப் பதம் பார்த்துவிடும்.

நடந்துகொண்டே வாசிப்பவர்களுக்கு வயர்லெஸ் வேண்டும். இடுப்பில் மாட்டும் டிரான்ஸ்மிட்டர் பெட்டி 48 வோல்ட் தராது, சுமார் 5 வோல்ட்தான் தரும். அதற்கான மைக்கும் பிளக்கும் வேறு, கம்பெனிக்குக் கம்பெனி பின் அமைப்பும் வேறு. ஒரு கம்பெனி மைக்கை இன்னொரு கம்பெனி பெட்டியில் செருகி வேலை செய்யும் என்று நம்பி வாங்கக்கூடாது. மலிவான வயர்லெஸ் செட்டுகளில் ஓரிரு அலைவரிசைகளே நிலையாகப் பதிந்திருக்கும். முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றம் போல் மண்டபங்கள் நெருங்கிய இடத்தில் இரண்டு மேளம் ஒரே மாதிரி செட்டைப் போட்டால், பக்கத்து மண்டபத்துத் தவில் இந்த மண்டபத்துத் தாலிக்கு ஒலிக்க வாய்ப்புண்டு. அலைவரிசையை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளதை வாங்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

வியர்வையும் ஈரமும் கண்டென்சருக்கு ஆகாது. வாசித்து முடித்ததும் நுரைத்தொப்பியைக் கழற்றி உலர்த்தி, மைக்கைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்தால், கரகரப்பு வராமல் பல ஆண்டுகள் உழைக்கும்.

மைக் யாருடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் இன்னும் வழக்கம் உறுதிப்படாத விஷயம். மைக் செட்காரரின் மைக், இன்று மேளத்துக்கு, நாளை அரசியல் கூட்டத்துக்கு என்று போவது. அதன் வளைவும் இடமும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும். ஆகவே சில செட்டுகள் தங்கள் மைக்குகளோடு ஆறு சானல் மிக்சர் ஒன்றையும் சொந்தமாக வைத்துக்கொண்டு, நாகஸ்வரமும் தவிலும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதைத் தாங்களே அமைத்து, மைக் செட்காரருக்கு ஒரே ஒரு ஒயரை மட்டும் கொடுக்கின்றன. கல்யாண வீட்டார் மேளத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே "மைக், மிக்சர் உங்களோடதா, செட்காரரோடதா?" என்று கேட்டு, செட்காரரிடமும் அதைச் சொல்லிவிட்டால், முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் முன்பு இரு தரப்பும் பிளக்கைத் தேடி அலைய வேண்டியிராது.